வெறுந்தொட்டிக்குத் தண்ணீர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தோசை மாவுக்குப் பின்னால், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா ஆறு வாரம் இருந்தது. அதற்குள் நனைத்துப் பிழிந்த பேண்டேஜ் துணி. துணிக்குள் பதினோரு விதைகள். கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, கறுப்பும் பழுப்புமாக இருந்தன.

மூன்றாம் நாளே மாமியார் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னட்டி இது, கடுக ஊறப்போட்டு வச்சிருக்க?"

"வெத அத்த. பூச்செடி வெத."

"வெதயப் போயி ஃப்ரிட்ஜுல வைப்பாவளா? அதுக்கு என்ன, காய்ச்சலா?"

குளிரில் கொஞ்ச நாள் கிடந்தால்தான் இது முளைக்கும் என்று சொன்னேன். "குளிருல கெடந்தாத்தான் முளைக்கும்னா, அது நம்ம ராஜபாளையத்துல முளைச்சு என்ன செய்யப்போவுது?" என்று கேட்டுவிட்டு மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். சரியான கேள்வி. அந்தச் செடி எனக்கு எதற்கு என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை.

திருமணமான புதிதில் நானும் கணவரும் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இரண்டு வருடம் இருந்தோம். டெக்ஸ்டைல் படித்தவர், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டும் வேலை பார்த்தார். முதல் வருடம் மாசி மாதம் எனக்கு எட்டாம் மாதம். ஒரு நாள் காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. குளிருக்கு அப்படி இருக்கும், தூங்குகிறது, சாயங்காலம் அசையும் என்று நினைத்தேன். சாயங்காலம், காலையில் அசையும் என்று நினைத்தேன். மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நாளோடு நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஆண் குழந்தை.

எங்கள் பக்கம் என்றால் இரண்டு ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய் மண்ணில் வைத்துவிட்டு வருவார்கள். பெற்றவள் போகமாட்டாள். எந்த இடம் என்று அவளிடம் சொல்லவும் மாட்டார்கள். அங்கே எங்களிடம், எந்த இடம் வேண்டும் என்று கேட்டார்கள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை. கல் வைக்கக்கூடாது, வேலி போடக்கூடாது, ஒரு சின்ன மரப்பலகையும் தாழ்வாக வளரும் செடியும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நான் போனேன். நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பக்கத்து இடம் ஒரு பெண்ணின் குழந்தையுடையது. அவளுக்கு என் வயதுதான் இருக்கும், டவுன் பஸ் ஓட்டுகிறவள். சித்திரையில் ஒருநாள், ரொட்டி அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து, தன் இடத்தில் இருந்த செடியை வேர்க்கட்டையோடு இரண்டாக அறுத்து, பாதியை என்னிடம் கொடுத்தாள். ஜெரேனியம் என்றாள். கொடைக்கானல் வீட்டு வாசல்களில் சிவப்பாகப் பூக்குமே, அது இல்லை. இது தரையோடு பரவும். உள்ளங்கை அகல இலை, ஓரமெல்லாம் கீறிவிட்டது போல இருக்கும். பூ நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஒரு நிறம், ஐந்து இதழ். பூ உதிர்ந்ததும் கொக்கு மூக்கு மாதிரி ஒரு காய் நிற்கும். உறைபனிக்கும் சாகாது, வருடா வருடம் அதுவாக வரும்.

"நாம வராட்டாலும் இது வரும். அதுக்காகத்தான் இத வச்சேன்" என்ற பொருளில் ஏதோ சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது கல் மனசுக்காரி பேச்சு போலப் பட்டது.

கார்த்திகையில் செடி காணாமல் போனது. இலை எல்லாம் பழுத்து, கறுத்து, அழுகி, வெறும் மண். நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று அவளுக்கு போன் செய்து அழுதேன். செத்துப்போகவில்லை, கீழே போயிருக்கிறது, தோண்டிப் பார்க்காதே, அப்படியே விடு என்றாள். நான் விட்டேன். பங்குனிக் கடைசியில், சுருட்டி மடித்த சின்னச் சின்னக் கைகள் மாதிரி செம்பழுப்பாகத் தளிர்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தன. காத்திருந்தது சரியாக இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்த ஆனியில் முதியோர் இல்லத்தை மூடிவிட்டார்கள். விசாவும் அதோடு போயிற்று. வயிற்றில் இரண்டாவது குழந்தை, ஐந்து மாதம். ராஜபாளையத்தில் கணவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீடு. பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. அம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அங்க நடந்தத அங்கயே விட்டுட்டு வந்துரு. இப்ப உள்ள இருக்கதப் பாரு" என்றாள். இரண்டு வீட்டிலும் அதோடு சரி. ஐப்பசியில் மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "தலைச்சன் பொம்பளப் பிள்ளையா, நல்லது, மகாலட்சுமி வந்துருக்கா" என்றார்கள். தடுப்பூசி போடும் இடத்தில் நர்ஸ் அட்டையை எழுதிக்கொண்டே, "மொதப் பிள்ளையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "ஆமாம்மா, தலைச்சன்" என்றார். நான் குழந்தையின் காலுறையைச் சரிசெய்தேன்.

பஸ் ஓட்டுகிறவள் மாதத்துக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். தளிர், மொட்டு, பூ, மழையில் சாய்ந்த தண்டு. நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பெரிதாக்கிப் பார்ப்பேன். பிறகு, இதை நினைத்துக்கொண்டு பால் கொடுத்தால் பாலோடு அதுவும் போகுமோ என்று பயந்து போனைக் கவிழ்த்து வைப்பேன். உயிரியலில் பட்டமேற்படிப்பு முடித்தவள் நான்.

மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது ஒரு கவர் வந்தது. வாழ்த்து அட்டைக்குள் மடித்த காகிதம், அதற்குள் விதை. இந்தச் செடியின் காய் வெடித்து விதையை எங்கேயோ தூக்கி எறிந்துவிடுமாம். அதனால் டீத்தூள் பையை வெட்டிக் காயைச் சுற்றிக் கட்டிவைத்துப் பிடித்திருக்கிறாள். கூடவே இரண்டு வரி. வேறு ஊருக்குப் போகிறாள், இனிமேல் அந்தப் பக்கம் வரமுடியாது, மன்னித்துக்கொள் என்று.

அங்கே வைத்த மரப்பலகை ஏற்கெனவே பாதி உளுத்துவிட்டது என்று போட்டோவில் பார்த்திருந்தேன். அவன் இருந்தான் என்பதற்கு, அந்தச் செடியை விட்டால் வேறு அடையாளம் எதுவும் இல்லை. அவன் பெயரில் ரேஷன் அட்டையோ, ஜாதகமோ, போட்டோவோ கிடையாது. இனி அந்தச் செடியைப் பார்க்கவும் ஆள் இல்லை. அதில் ஒரு தூராவது என் கண்ணுக்கு எதிரே இருக்கட்டும் என்றுதான் விதையை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

அம்மா வீட்டுக்குப் போனபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சரியில் தொட்டி வாங்கினேன். நர்சரிக்காரர் எதற்கு என்று கேட்டார்.

"ஜெரேனியமா? அது மலைச்செடில்லாக்கா. இங்க மார்கழி, தை ரெண்டு மாசம் சிரிக்கும். பங்குனில மூஞ்சியத் திருப்பிக்கிடும். பேசாம ஒரு அரளி வாங்கிட்டுப் போங்க, ஆயுசுக்கும் கெடக்கும்."

"விதை கையில இருக்கு அண்ணாச்சி."

"இருந்தா போடுங்க. தொட்டிக் காசு எனக்கு, பாவம் ஒங்களுக்கு."

தென்னை நார்த்தூளும் செம்மண்ணும் மணலும் கலந்து, கார்த்திகை மழை விட்டதும் விதைத்தேன். மார்கழியில் மூன்று முளைத்தன. இரண்டு தொட்டியில் ஒவ்வொன்று, ஒன்றில் எதுவுமில்லை, நான்காவதில் ஒன்று. மாடிப்படிக்குக் கீழே, வடக்குப் பார்த்த இடத்தில் வைத்தேன். காலையில் மேற்கு மலையிலிருந்து வரும் காற்று அங்கே படும். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவர் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். தைக் கடைசியில் ஒருநாள் கழிவுத் துணி ஒரு சுருள் கொண்டுவந்து, இரண்டு மடிப்பாகப் போட்டு, தொட்டிகளுக்கு மேலே பந்தல் கட்டினார். முடிச்சுப் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அது எந்தச் செடி என்று அவருக்குத் தெரியும் என அப்போது தெரிந்துகொண்டேன்.

மாசி வரை நன்றாக இருந்தன. அதே கீறிய இலை. கசக்கி முகர்ந்தால் அதே பச்சை வாடை. பூக்கவில்லை, முதல் வருடம் பூக்காது என்று படித்திருந்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவேன். அவள் இலையைப் பிய்க்கக் கையை நீட்டுவாள், நான் பின்னால் இழுப்பேன். பிய்த்தால் பிய்க்கட்டும், அண்ணன் செடிதானே என்று ஒருநாள் விட்டேன். உடனே வாயில் வைத்துவிட்டாள். விரலை விட்டுத் துடைத்து எடுத்து, அன்று முழுக்க வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

பங்குனி பாதியில் இலை ஓரங்கள் கருகின. சித்திரை பிறக்கும்போது மூன்று தொட்டியிலும் மண் மட்டும் இருந்தது.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கீழே போயிருக்கிறது என்று நினைத்தேன். அங்கே குளிருக்கு ஒளிந்துகொண்டது, இங்கே வெயிலுக்கு ஒளிந்துகொள்கிறது. தோண்டிப் பார்க்காதே, அப்படியே விடு. அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். தோண்டவில்லை, ஆனால் அப்படியே விடவும் இல்லை. இந்த வெயிலில் வேர் காய்ந்துவிடுமே என்று காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினேன். அரிசி கழுவின தண்ணீர், ஒருநாள் நீர்மோர்கூட. மல்லிகைக்கு அம்மா அப்படித்தான் செய்வாள்.

ஒரு மாதம் பார்த்துவிட்டு மாமியார் கேட்டேவிட்டார். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகளுக்கு அன்று லேசான காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, சொம்போடு வந்தேன்.

"ஏட்டி, நானும் பாக்கேன், வெறுந்தொட்டிக்கு தெனமும் தண்ணி ஊத்துத. எதுத்த வீட்டுக்காரி பாத்தா என்ன நெனப்பா?"

"உள்ள வேர் இருக்கும் அத்த. திரும்ப வரும்."

"எவன் சொன்னான்?"

"அங்க ஒரு பொண்ணு சொன்னா."

"அங்க சொன்னது அங்கதான் வரும். அப்படி என்ன பொல்லாத செடி அது? கனகாம்பரம் வச்சாலும் தலைக்காவது ஆகும்."

எத்தனையோ நாள் இதைவிடக் கூர்மையாகப் பேசியிருக்கிறார், நான் பேசாமல் போயிருக்கிறேன். அன்றைக்குக் காய்ச்சல் பயமோ என்னவோ.

"உங்க பேரனுக்கு மேல வச்ச செடி அத்த. அதோட விதை."

கீரை உருவுகிற கை நின்றது.

"பேரனா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு கணவர் போனில், "போச்சும்மா" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு கணவரும் சொல்லவில்லை, மாமியாரும் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் அது ஆணா பெண்ணா என்று தெரியாமலே இருந்திருக்கிறார், அதில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒரே வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு. கேட்காதது மறந்துவிட்டதால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆம்பளப் பிள்ளையா?"

"ஆமா."

"முடி இருந்துச்சா?"

"நெறைய."

"யாரு தூக்கிட்டுப் போனா? அவனா?"

"நான்தான் அத்த. அவிய கூட வந்தாவ."

"நீயா? மண்ணு வரைக்குமா?"

"ஆமா."

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் மறுபடியும் கீரை உருவ ஆரம்பித்தார். இலையும் காம்புமாகச் சேர்த்தே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஆண் என்றதும் அவர் குரலில் ஒன்று மாறியது. பெண் என்று சொல்லியிருந்தால் முடியைப் பற்றிக் கேட்டிருப்பாரா என்று தோன்றியது. அதை நினைத்ததற்கு என் மேலேயே கோபம் வந்தது. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப இவ தலைச்சன் இல்ல."

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் பிள்ளை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பார்கள். பிள்ளைகளை இழக்காத ஒருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டு போவாள். அப்புறம் அவளிடமிருந்து வளர்க்க வாங்கி வரவேண்டும். அதன் பிறகு அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, அவள் பிள்ளை. இங்கே வளர்கிறது, அவ்வளவுதான். இந்த வீட்டுக் கணக்கில் தேடி வருவது ஆள் காணாமல் திரும்பிவிடும்.

"வயித்துல போனதுதானன்னு நானும் சும்மா இருந்துட்டேன். மொகம் பாத்து, கையில தூக்கி, மண்ணுல வச்சிருக்கீக. அது பிள்ளதான. மொதல்லயே சொல்லியிருந்தா பொறந்த அன்னைக்கே முடிச்சிருக்கலாம்" என்றார். "ஒன்றரை வருசம் பிள்ளய அப்படியே வெளிய விட்டு வச்சிருந்துருக்கோம்."

எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மகளின் நெற்றியில் இன்னும் சூடு இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, பிறகு ஏதாவது ஆனால்? ஒரு நாள் தாமதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "செய்யட்டும்ட்டி. தவிடுதான" என்றாள். போனை வைக்கப்போகும்போது, "எனக்கும் நீ சொல்லல, ஆணுன்னு" என்றாள்.

எதிர்வீட்டு அக்காவுக்கு மூன்றும் பையன்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களிடம் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை காலை குளித்து, மஞ்சள் பூசி, வன்னியம்பட்டி ரைஸ் மில்லிலிருந்து வாங்கிய தவிட்டை முறத்தில் பரப்பிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். இரண்டு வீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

"மூணும் கடாக்கன்னு. ஒரு பொண்ணு வேணும்னு எம்புட்டு நாளா ஏங்கிட்டுக் கெடந்தேன். பொறவு திருப்பிக் கேட்டா தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"எடு எடு. சோறு தின்னாம ஒனக்கும் பைத்தியம் புடிக்க வைப்பா, நீயே கொண்டுவந்து போட்டுருவ" என்றார் ஒரு கிழவி.

முறத்தை நீட்டியபடி அக்கா கேட்டார். இது கேட்க வேண்டிய கேள்வி போல. "எத்தனாவது பிள்ளய விக்கீக?"

மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "ரெண்டாவது. மூத்தவன் தங்கல."

மூத்தவன். அந்தச் சொல்லை அவனுக்காக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கணவர் சைக்கிள் செட் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரா தல்லி, ரா" என்று தெலுங்கில் கூப்பிட்டு அக்கா மகளை வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார். தெரு பத்து அடி அகலம்தான். செத்த நேரம்தான் என்றார்கள். நான் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. அழுதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமியார் போய்க் கதவைத் தட்டி, "வளக்கக் குடு தாயே" என்று கேட்டு வாங்கி வந்தபோது, மகளின் கன்னம் முழுக்க இட்லி. அங்கே ஒரு இட்லியை முழுசாகத் தின்றிருக்கிறாள். என் கையில் கால் இட்லி இறங்காது. "பாத்தியா, பெத்த தாய்ட்ட வந்ததும் பசிக்கிது" என்று அக்கா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தவிட்டைத் தெருமுனைப் பசுவுக்கு வைத்துவிட்டு, கையில் ஒட்டினதைத் தட்டுவதற்கு மாமியார் தொட்டிகளிடம் வந்தார். "இதுல போடவா? உரமாகும்" என்றார். இருங்கள் என்று சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்து முதல் தொட்டியைக் கிளறினேன். மண் சகதியாக இருந்தது. வேர்க்கட்டை கறுத்து, விரலால் தொட்டதும் குழைந்து வந்தது. புளித்த மோர் நாற்றம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை நான் தோண்டவில்லை, அவர்தான் தோண்டினார்.

"தண்ணி சாஸ்தி" என்றார்.

தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால் ஆடிக் காற்றுக்குத் தளிர்த்திருக்குமா? அல்லது எப்படியும் செத்திருக்குமா? ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாதது போல இதையும் யாரும் சொல்லப்போவதில்லை. தொட்டிகளை மாமியார் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். கனகாம்பரம் வைக்கலாம் என்று இன்னும் சொல்லவில்லை.

சொன்னது சரிதானா என்றும் தெரியவில்லை. வீட்டில் இப்போது பயம் இரண்டு பேருக்கு. உச்சி வெயிலில் மகளை வாசலுக்கு விடமாட்டேன் என்கிறார் மாமியார், கன்னத்துப் பொட்டு முன்பைவிடப் பெரிதாகிவிட்டது, மகள் மதியம் தூங்கும்போது மூச்சு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால், கதவருகில் அவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தச் செடியைப் போய்ப் பார்க்க யாராவது இருக்கிறார்களா என்று பஸ் ஓட்டுகிறவளுக்கு எழுதிக் கேட்டேன். இருந்த ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன், அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் யாருமில்லை என்று பதில் வந்தது. தன் இடத்தையும் அவள் அப்படியே விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

ஆனி பிறந்துவிட்டது. அங்கே அது பூக்கிற காலம். கீரை உருவும்போதோ, துணி மடிக்கும்போதோ, தலையை நிமிர்த்தாமல் மாமியார் கேட்கிறார்: "அங்க இப்ப பூத்துருக்குமாட்டி?"

நேற்றும் கேட்டார். பூத்திருக்கும் அத்த என்றேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.